உட்கருவுக்குள் திரிந்த புரதம்

அந்தப் புள்ளி முதலில் சுண்டெலியின் மூளையில்தான் கண்ணில் பட்டது. ஹன்டிங்டன் நோயைக் கொடுக்கும் மனித மரபணுவின் ஒரு துண்டை லண்டனில் ஜில்லியன் பேட்ஸின் குழு சுண்டெலிகளுக்குள் புகுத்தியிருந்தது. எலிகளுக்கு நடுக்கம் வந்தது, எடை குறைந்தது. ஆனால் மூளையை எடுத்துப் பார்த்தால் செல்கள் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கிடக்கவில்லை. பிறகு என்னதான் நடக்கிறது? 1997-ல் எலெக்ட்ரான் நுண்ணோக்கி பதில் மாதிரி ஒன்றைக் காட்டியது. நரம்பு செல்லின் உட்கருவுக்குள், உறை எதுவும் இல்லாமல், ஒரு வெளிறிய உருண்டை. அதே ஆண்டில் அமெரிக்காவில் மரியன் டிஃபிக்லியாவின் குழு, இந்த நோயால் இறந்தவர்களின் மூளையிலும் அதையே பார்த்தது. எலிகளுக்கு உருண்டை முதலில் வந்தது, நடுக்கம் பிறகு வந்தது. குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டதாகப் பலரும் நினைத்தார்கள்.

ஹன்டிங்டன் நோய் பெரும்பாலும் முப்பது வயதுக்கு மேல் தலைகாட்டும். கை கால்கள் தன்னிச்சையாக ஆடும், மனநிலை மாறும், நினைவும் யோசனையும் தடுமாறும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் வாய்ப்பு. 1993-ல் மரபணு கண்டுபிடிக்கப்பட்டபோது காரணம் வியப்பூட்டும்படி எளிமையாக இருந்தது. அந்த மரபணுவில் சிஏஜி என்ற மூன்றெழுத்து அடுத்தடுத்து வருகிறது. 26 முறை வரை வந்தால் தொல்லை இல்லை. 40-ஐத் தொட்டுவிட்டால் நோய் உறுதி. ஒவ்வொரு சிஏஜிக்கும் ஒரு குளூட்டமின் என்ற கணக்கில் புரதத்தில் அமினோ அமிலம் சேர்கிறது. குளூட்டமின் வரிசை நீள நீள, புரதம் தன் இனத்தோடு ஒட்டிக்கொள்ளும் குணம் கூடுகிறது.

பால் திரிவதைப் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். எலுமிச்சைச் சாறு விட்டதும் அதுவரை பாலில் மிதந்துகொண்டிருந்த புரதங்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டிகட்டியாகின்றன. செல்லுக்குள்ளும் அதுதான் கதை. புரதம் என்பது அமினோ அமிலச் சங்கிலி; அது சரியாக மடிந்தால்தான் வேலை செய்யும். மடியும்போது தண்ணீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். சூடு ஏறினாலோ, மரபணுவில் பிழை இருந்தாலோ, வயதானாலோ மடிப்பு குலைந்து அந்தப் பகுதிகள் வெளியே வரும். வெளியே வந்தது பக்கத்தில் இருப்பதைப் பற்றிக்கொள்ளும். திரிந்த பாலை மறுபடி பாலாக்க நம்மால் முடியாது. செல் ஓரளவுக்கு அதைச் செய்கிறது, அதுதான் ஆச்சரியம்.

ஆனால் செல்லின் எல்லா அறைகளிலும் ஒரே வசதி இல்லை. உட்கருவுக்குள் புரதம் செய்யும் ரைபோசோம் இயங்குவதில்லை. அங்கே வேண்டிய அத்தனை புரதமும் வெளியே சமைக்கப்பட்டு, உட்கரு உறையில் உள்ள துளைகள் வழியாக உள்ளே வருகிறது. குப்பைக்கும் அதே நிலைமைதான். வெளியே சைட்டோபிளாசத்தில் பெரிய கட்டிகளை அப்படியே பையில் சுருட்டி லைசோசோமில் போட்டுக் கரைத்துவிடும் ஏற்பாடு உண்டு. உட்கருவுக்குள் அந்தப் பை இல்லை. சில மைக்ரோமீட்டர் அகலமே உள்ள அந்த இடத்தில் ஏறக்குறைய 2 மீட்டர் டிஎன்ஏ, அது சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் என ஏற்கெனவே கூட்டம் முண்டியடிக்கிறது. இந்த நெரிசலில் ஒரு புரதம் திரிந்தால் சமாளிக்க இரண்டே வழி: மறுபடி மடித்துவிடு, இல்லையென்றால் துண்டு துண்டாக்கிவிடு.

மடிக்கும் வேலையைச் செய்வது சாப்பரோன் எனப்படும் துணைப்புரதங்கள். அந்தப் பெயர் பிறந்ததே உட்கருவைப் பற்றிய ஆய்வில்தான். 1978-ல் ரான் லாஸ்கியும் உடன் பணியாற்றியவர்களும் தவளை முட்டையில் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். நேர்மின்சுமை கொண்ட ஹிஸ்டோனும் எதிர்மின்சுமை கொண்ட டிஎன்ஏவும் தனியே விட்டால் கண்டபடி ஒட்டிக்கொண்டு வீழ்படிவாகிவிடும். நியூக்ளியோபிளாஸ்மின் என்ற இந்தப் புரதம் நடுவில் இருந்தால் இரண்டும் ஒழுங்காகச் சேரும். சேர்ந்ததும் இது விலகிவிடும். கல்யாணமாகாத பெண்ணோடு விருந்துக்குத் துணை போகும் வயதான பெண்மணிக்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயரைத்தான் லாஸ்கி அதற்கு வைத்தார். கூடவே போவாள், தப்பான சேர்க்கையைத் தடுப்பாள், தானே மணப்பெண் ஆகமாட்டாள். விஞ்ஞானிகள் வைக்கும் பெயர்களில் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

துண்டாக்கும் வேலை புரோட்டியசோமுடையது. பீப்பாய் வடிவத்தில் இருக்கும். உட்கருவில் ஏராளமாக உண்டு. அதன் வாய்க்குள் எதுவும் தானாகப் போய் விழுந்துவிடாதபடி பெரும்பாலும் முதலில் அடையாளம் போடப்படுகிறது. யுபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலச் சிறு புரதம் சங்கிலியாகக் கோக்கப்பட்டுவிட்டால் அந்தப் புரதத்தின் சீட்டு கிழிந்தது. இதைக் கண்டுபிடித்த ஆவ்ரம் ஹெர்ஷ்கோ, ஆரோன் சீக்கனோவர், இர்வின் ரோஸ் மூவருக்கும் 2004-ன் வேதியியல் நோபல் கிடைத்தது. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டின் உட்கருவில் இந்த அடையாளம் போடுவதற்கென்றே சான்1 என்ற என்சைம் இருக்கிறது. அதன் உடம்பில் பெரும்பகுதிக்கு நிலையான மடிப்பே கிடையாது. தொளதொளவென்று இருப்பதால்தான், எந்தக் கோணத்தில் குலைந்த புரதமானாலும் அதற்கேற்ப வளைந்து பிடிக்கிறது.

லண்டன் எலிகளின் உருண்டையிலும் யுபிக்விட்டின் இருந்தது. அடையாளம் போட்டாகிவிட்டது, ஆனால் அப்புறப்படுத்தி முடியவில்லை.

இப்போது அந்த உருண்டையின் மேலான குற்றச்சாட்டுக்கு வருவோம். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஸ்டீவன் ஃபிங்க்பைனரின் குழு எளிமையான, ஆனால் பொறுமை கேட்கும் ஒரு காரியம் செய்தது. அதுவரை எல்லோரும் இறந்த திசுவைப் பார்த்தார்கள். அது ஒரு விநாடியின் புகைப்படம். எந்த செல் முன்பு எப்படி இருந்தது என்று அதில் தெரியாது. இவர்கள் தட்டில் வளர்த்த எலி நரம்பு செல்களில் நோய்ப் புரதத்தை ஒளிரும்படி செய்து, தானியங்கி நுண்ணோக்கி ஒன்றை அமைத்தார்கள். அது திரும்பத் திரும்ப வந்து, நேற்றுப் பார்த்த அதே செல்லைத் தேடிப் பிடித்துப் பார்க்கும். இவன் இருக்கிறானா, செத்தானா, உருண்டை வந்ததா?

2004-ல் வெளியான முடிவு பலரின் கணக்கைப் புரட்டிப் போட்டது. நிறைய செல்கள் உருண்டை வராமலேயே செத்தன. உருண்டை வந்த செல்கள் அதிக நாள் பிழைத்தன. உருண்டை திரண்டதும், செல்லின் மற்ற இடங்களில் பரவிக் கிடந்த நோய்ப் புரதத்தின் அளவு குறைந்தது. அதாவது தெருவெல்லாம் சிதறிக் கிடந்ததை யாரோ கூட்டி ஒரு மூலையில் குவித்திருக்கிறார்கள். வழியே போனவர்கள் குவியலைப் பார்த்து, நாற்றத்துக்கு இதுதான் காரணம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். உருண்டை முழுக்க அப்பாவி என்று நானும் சான்றிதழ் கொடுக்க வரவில்லை. அவசியமான வேறு புரதங்களையும் அது இழுத்துச் சிறைவைப்பது தெரிந்ததே. ஆனால் கண்ணுக்குத் தெரிவதைக் கரைத்தால் நோய் தீரும் என்ற எண்ணம் அத்தோடு ஆட்டம் கண்டது. நோய்ப் புரதம் உற்பத்தியாவதையே குறைக்க முடியுமா என்பதுதான் இன்று சிகிச்சை ஆய்வுகள் பெரிதும் துரத்தும் கேள்வி.

குவித்து வைப்பது செல்லுக்குப் பழக்கமான உத்திதான். உட்கருவுக்குள் கருமணி போலத் தெரியும் நியூக்ளியோலஸை ரைபோசோம் பாகங்கள் தயாராகும் பட்டறை என்றுதான் பள்ளியில் படித்தோம். 2019-ல் ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் உயிர்வேதியியல் நிலையத்தின் ஃபிரான்ஸ் உல்ரிச் ஹார்ட்ல், மார்க் ஹிப் குழுவினர் அதற்கு இன்னொரு வேலையும் இருப்பதைக் காட்டினார்கள். செல்லைச் சூடாக்கினால் உட்கருவில் மடிப்புக் குலைந்த புரதங்கள் நியூக்ளியோலஸுக்குள் போய்ச் சேர்கின்றன. அது உறையில்லாத, திரவம் போன்ற இடம். அங்கே அவை இறுகிக் கட்டியாகாமல் காத்துக் கிடக்கின்றன. சூடு தணிந்ததும் எச்எஸ்பி70 என்ற துணைப்புரதம் வந்து பிரித்து, மீண்டும் மடிய வைக்கிறது. சூடு பட்டால் எச்எஸ்பி70 நியூக்ளியோலஸுக்கு ஓடுவதை ஹியூ பெல்ஹாம் 1984-லேயே எழுதியிருந்தார். எதற்காக ஓடுகிறது என்பது தெளிவாக இத்தனை காலம் பிடித்தது. சூடு நெடுநேரம் நீடித்தால் இந்த ஏற்பாடும் தோற்கிறது. திரவம் கெட்டிப்படுகிறது, உள்ளே போனது திரும்புவதில்லை.

ஏன் நரம்பு செல்களுக்கே இந்த வம்பு அதிகம்? தோல் செல் இரண்டாகப் பிரியும்போது உட்கரு உறை கலைந்து, புதிதாகக் கட்டப்படுகிறது. பழைய சரக்கு வெளியேற அது ஒரு வாய்ப்பு. நரம்பு செல் பிரிவதே இல்லை. ஒரே வீட்டில், ஒரே சுவருக்குள், ஆயுள் முழுக்க.

சுவர் என்றதும் துளைகளைச் சொல்லியாக வேண்டும். உள்ளே வரும் புரதமும் வெளியேறும் ஆர்என்ஏவும் அவற்றின் வழியாகத்தான் போகின்றன. ஒவ்வொரு துளையும் ஏறக்குறைய 30 வகைப் புரதங்களால் கட்டப்பட்டது. கலிஃபோர்னியாவில் மார்ட்டின் ஹெட்சர், ஜான் யேட்ஸ் குழுவினர் எலிகளுக்குக் கன நைட்ரஜன் கலந்த உணவு கொடுத்து வளர்த்து, பிறகு சாதாரண உணவுக்கு மாற்றினார்கள். உடம்பில் பெரும்பாலான புரதங்கள் சில நாட்களிலோ வாரங்களிலோ புதிதாகிவிடும் என்பதால் கன நைட்ரஜன் மறைந்துவிட வேண்டும். பல மாதம் கழித்தும் மூளையில் உட்கருத் துளைகளின் சட்டத்தில் அது அப்படியே இருந்தது. 2012-ல் வந்த முடிவு இது. குட்டிப் பருவத்தில் பொருத்திய கதவுச்சட்டம் கிழப்பருவம் வரை மாற்றப்படுவதில்லை.

அதற்கு மூன்றாண்டு முன்பே ஹெட்சரின் ஆய்வகம் கிழட்டு எலிகளின் மூளையிலிருந்து நரம்பு செல் உட்கருக்களை எடுத்துப் பார்த்திருந்தது. பல உட்கருக்கள் கசிந்தன. செல்லின் எலும்புக்கூடாக வெளியே நிற்க வேண்டிய டியூபுலின் என்ற புரதம், சிலவற்றில் உள்ளே புகுந்து நீண்ட இழைகளாகக் கிடந்தது.