சிறுவர் கையில் உளி

படித்தவன் என்றால் கையில் அழுக்குப் படாதவன் என்று பொருள் கொள்ளும் வழக்கம் நமது நாட்டில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. இவ்வழக்கம் ஒழியாதவரை சுதந்திரத்தின் முழுப்பயனையும் நாம் அடைந்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. அதை ஒழிக்கும் வேலை சட்டசபையில் அல்ல, குழந்தைகள் விளையாடும் பூங்காவிலேயே தொடங்கவேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

மகாத்மா காந்தி 1937-ல் வார்தாவில் கூட்டிய கல்வி மகாநாடு, கைத்தொழிலை நடுவாக வைத்தே கல்வி புகட்டவேண்டுமென்று தீர்மானித்தது. ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி வகுத்த திட்டத்தில், நூற்பு, விவசாயம் ஆகியவற்றோடு தச்சுவேலையும் இடம்பெற்றது. ஐரோப்பாவிலும் இதையொத்த முயற்சிகள் நடந்தன. பின்லாந்து 1866-லேயே கைவேலையைப் பள்ளிப் பாடமாக்கியது. 1943-ல், ஜெர்மானியரின் ஆக்கிரமிப்பில் கிடந்த டென்மார்க்கில், கோபன்ஹேகனை அடுத்த எம்டிரப் என்னுமிடத்தில் சிறுவருக்கென ஒரு திடல் திறக்கப்பட்டது. ஊஞ்சலுக்குப் பதிலாக அங்கே பழைய பலகைகளும் கருவிகளும் கொடுக்கப்பட்டன. அவற்றைக்கொண்டு சிறுவர்கள் தாமே குடில்கள் கட்டினர். யுத்தத்திற்குப் பின் இங்கிலாந்தில் குண்டு விழுந்து பாழான மனைகளிலும் இத்தகைய திடல்கள் எழுந்தன.

"இது குலத்தொழிலுக்குத் திரும்பும் சூழ்ச்சியன்றோ?" என்று அன்பர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் கல்வித் திட்டம், தகப்பன் தொழிலையே மகன் கற்கச் செய்யுமென்று பெருங் கிளர்ச்சி மூண்டது. அடுத்த ஆண்டில், காமராஜர் முதன் மந்திரியானபின், அத்திட்டம் கைவிடப்பட்டது. அப்பாடத்தை நாம் மறக்கலாகாது. தச்சன் மகன் மட்டும் உளி பிடித்தால் அது குலத்தொழில். வக்கீல் மகனும், ஏலத்தோட்டக் கூலியின் மகளும், தச்சன் மகனும் ஒரே பட்டறைப் பலகையில் நின்று உளி பிடித்தால், குலத்தொழில் என்ற சொல்லே பொருளற்றுப் போகும். பள்ளி நேரத்தில் ஒரு நிமிஷமும் குறையாமல், ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இது நடைபெறவேண்டும்.

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. தேனி ஜில்லாவில் தேனி அல்லிநகரம், போடிநாயக்கனூர், பெரியகுளம், சின்னமனூர், கம்பம், கூடலூர் என நகரசபைகள் ஆறு உள்ளன. ஒவ்வொன்றும் ஒரு பூங்காவில் மரநிழலில் ஒரு பட்டறைப் பலகை போடட்டும். ஊர்த் தச்சர் ஒருவரைத் தக்க ஊதியத்துடன் ஆசிரியராக அமர்த்தட்டும். அறுவை மில்களில் எஞ்சும் துண்டுப் பலகைகளே முதலுக்குப் போதும். சிறு குழந்தைகள் உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கலாம். சற்று வளர்ந்தோர் அளந்து கோடிட்டு, வாளால் அறுத்து, ஆணியடித்துக் குருவிக்கூடு செய்யலாம். மூத்தோர் இழைப்புளி பிடித்து, தம்பி தங்கையருக்கு நடைவண்டி செய்து கொடுக்கலாம். உளியின் கூர்முனையை உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்தவேண்டும், பலகையைப் பிடித்த கை உளியின் பாதையில் இருக்கலாகாது என்னும் இரண்டு விதிகளையும் முதல் நாளே கற்பித்துவிட வேண்டும்.

இழைப்புளி நாரின் போக்கிலே சென்றால் பலகை கண்ணாடிபோல் மின்னும்; எதிர்த்துச் சென்றால் பிசிறு எழும். அளவு அரை அங்குலம் தவறினால் மூட்டு சேராது. எந்தச் சிபார்சும் அங்கே செல்லாது. பொய்யளவை மரம் ஒருபோதும் ஏற்பதில்லை. குடிமகனாகப் போகிறவனுக்கு இதைவிடச் சிறந்த பாடம் வேறென்ன வேண்டும்?

வாலிபர் சங்கத்தாரும் ஊர்த் தொண்டர்களும் நகரசபை அங்கத்தினரை நெருங்கிக் கேட்கவேண்டும். கேட்பதோடு நில்லாமல், முதல் ஞாயிறன்று தம் குழந்தைகளையும் உடனழைத்துச் செல்வார்களென நம்புகிறோம்.