மெஷின் இல்லையே என்று பயமா?

தாண்டிக்குடி மாதிரி மலையூர்க் கர்ப்பிணிகளுக்கு ஒரு கவலை உண்டு. 'டவுனில் வயிற்றில் பெல்ட் கட்டி, குழந்தையின் இதயத்துடிப்பை மெஷினில் பார்க்கிறார்களாமே! இங்கே நர்ஸம்மா அப்பப்போ கருவியை வைத்துக் கேட்பது போதுமா?'

சிக்கல் இல்லாத கர்ப்பம் என்றால் போதும். அயர்லாந்தின் டப்ளின் நகரில் சுமார் 13,000 பெண்களிடம் நடந்த ஆய்வு 1985-ல் வெளிவந்தது. பாதிப் பேருக்கு மெஷின், மீதிப் பேருக்குக் காதால் கேட்பது. இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை இரு பக்கமும் சமம்! மெஷின் பக்கம் வலிப்பு வந்த குழந்தைகள் குறைவு. ஆயுதப் பிரசவமோ அதிகம்.

ஆனால் ஏனோதானோவென்று கேட்டால் பயனில்லை. வலி பிடித்தபின் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முக்கும்போது 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்க வேண்டும். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை துடிப்பது நார்மல்.

ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, இரட்டைக் குழந்தை, முன்பே சிசேரியன் ஆனவர்களுக்கு மெஷினும் ஆபரேஷன் வசதியும் அவசியம். இவர்கள் வலி வரட்டும் என்று மலையில் இருக்காமல், தேதிக்கு முன்பே டாக்டரைக் கேட்டு இறங்கிவிடுங்கள்.

குழந்தையின் அசைவு குறைகிறதா? 'விடியட்டும்' என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்!