மகப்பேற்றில் மூன்று தாமதங்கள்

பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறப்பு என்பர் நம் பெரியோர். பெற்றுப் பிழைப்பது அரிதாயிருந்த காலத்தில் அச்சத்தினின்றும் பிறந்த சொல் அது. நாளடைவில் அவ்வச்சம் மன அமைதிக்கு மருந்தாகிவிட்டது. பிரசவத்தில் ஒருத்தி உயிர் நீத்தால், "விதி அவ்வளவுதான்" என்று வீட்டார் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். ஆனால் விதியின்மேல் ஏற்றப்படும் இம்மரணங்களுள் மிகப் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை என்பது மருத்துவ உலகின் தெளிந்த முடிவாகும்.

கருவுற்ற காலத்திலோ, பிரசவத்தின்போதோ, அதற்குப்பின் 42 நாட்களுக்குள்ளோ, அது தொடர்பான காரணத்தால் நேரும் இறப்பை மகப்பேற்று மரணம் என்பர். 2001-03ஆம் ஆண்டுகளில் நம் நாட்டில் உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 301 தாய்மார் இவ்வாறு இறந்தனர். 2018-20இல் இத்தொகை 97ஆகக் குறைந்தது. மகிழத்தக்க முன்னேற்றமே. எனினும் அதே கணக்கின்படி கேரளத்தில் 19, தமிழ்நாட்டில் 54, உத்தரப் பிரதேசத்தில் 167, அஸ்ஸாமில் 195. உதிரப்போக்கும் வலிப்பும் எங்கும் ஒன்றேயாக, மரணம் மட்டும் இத்துணை வேறுபடுவானேன்? மருத்துவ வசதியின் ஏற்றத்தாழ்வு ஒரு விடை. மற்றொரு விடை வீட்டிற்குள் இருக்கிறது.

வளரும் நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த செரீன் தாடியஸ், டெபோரா மெய்ன் என்னும் இருவர், 1994இல் இதனை மூன்று தாமதங்களாக வகுத்து விளக்கினர். உதவியை நாட முடிவு செய்வதில் தாமதம். மருத்துவமனையை அடைவதில் தாமதம். அடைந்தபின் தக்க சிகிச்சை பெறுவதில் தாமதம். பின்னிரண்டும் பெரும்பாலும் சாலை, வண்டி, மருத்துவர், இரத்தம் ஆகியவற்றைப் பொறுத்தவை. முதலாவதோ குடும்ப வழக்கத்தில் வேரூன்றியது.

கணவன் வெளியூரில் இருப்பான். மருமகள் தானே புறப்படுதல் வழக்கமன்று. "நாங்களெல்லாம் வீட்டிலேயே பெறவில்லையா?" என்பார் மாமியார். பணப்பெட்டியின் திறவுகோல் மாமனாரிடம் இருக்கும். இவர்கள் ஒருமனப்படுவதற்குள் பொழுது கடந்துவிடும். பிரசவத்திற்குப்பின் நேரும் மிகுந்த உதிரப்போக்கோ, திடமான பெண்ணையும் சில மணி நேரத்தில் மாய்க்க வல்லது.

இத்தாமதத்திற்கு முன்பே தொடங்கும் தீங்குகளும் உண்டு. அனைவரும் உண்டபின் மிஞ்சியதை உண்பவள் பெண். நிறைய உண்டால் குழந்தை பெருத்துப் பிரசவம் கடினமாகும் என்றஞ்சி உணவைக் குறைக்கும் வழக்கம் தென்னாட்டிலும் உண்டு. 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, கருவுற்ற பெண்களுள் 100க்கு 52 பேர் இரத்தசோகை உடையவர்கள். 20 முதல் 24 வயதுள்ள பெண்களுள் 100க்கு 23 பேர் 18 வயது நிறையுமுன் மணமானவர்கள். முதிராத உடலும் குன்றிய இரத்தமும் உடையவளுக்குச் சிறிது உதிரம் இழப்பதும் பேராபத்தே.

பிற மாநிலங்களில் வாழும் தமிழர் சிந்திக்க வேண்டிய செய்தியும் இதில் உண்டு. வளைகாப்புக்குப்பின் தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு செல்வது நம் மரபு. தாயின் பரிவு கிட்டுவதால் அது நன்றே. ஆயினும் இடையில் ஊர் மாறுவதால் பரிசோதனைக் குறிப்புகள் இங்கும் பெண் அங்குமாகிவிடுதல் கூடாது. தாய்-சேய் பாதுகாப்பு அட்டையும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் அவளுடனேயே செல்லட்டும். நெடும்பயணத்திற்கு முன் மருத்துவரின் கருத்தைக் கேட்டறிவது அவசியம்.

இருக்கும் ஊரிலேயே பெறுவதாயின் மொழி ஒரு தடையாகும். இந்தியில் காய்ச்சலைப் 'புகார்' என்பர். இரத்தத்தைக் 'கூன்' என்பர். புதிதாக வந்த மணப்பெண் இத்தகைய சில சொற்களையேனும் அறிந்திருத்தல் நலம். கடுந்தலைவலி, கண்மங்கல், முகவீக்கம், வலிப்பு, உதிரப்போக்கு, காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் காத்திருத்தல் தகாது.

எந்த மருத்துவமனை, எந்த வண்டி, பணம் யாரிடம், இரத்தம் தர வல்லார் யார் என்பவற்றை எட்டாம் மாதத்திற்குள் முடிவு செய்துவிடுவோமாக. கணவர் ஊரில் இல்லாதபோது யாரையும் கேளாமல் புறப்படும் உரிமை அவளுக்கே உண்டு என்பதையும் வீட்டிலுள்ளோர் அனைவரும் அறியச் சொல்லி வைப்போமாக. முதல் தாமதத்தை நீக்கச் செலவேதும் இல்லை; வீட்டார் மனம் இசைந்தால் போதும்.