வீட்டுக்காரருக்கு ஒரு க்ளிக்... வீட்டுக்காரிக்கு ஒரு க்ளிக்!

கல்யாண நாள் வரப்போகுது. என்ன வாங்கிக் கொடுக்கலாம்னு மண்டையைப் பிய்ச்சுக்கிறீங்களா? வாட்ச் போன வருஷமே கொடுத்தாச்சு. சட்டை, புடவை எல்லாம் தீபாவளியோட முடிஞ்சுபோச்சு. டெடிபேர் கொடுக்கிற வயசும் தாண்டியாச்சு. (‘இன்னும் தாண்டலை’ங்கிற காலேஜ் பார்ட்டிகள், இதைக் கத்தரிச்சு பத்திரமா வெச்சுக்கங்க. பின்னாடி உதவும்!) அப்போ என்னதான் கொடுக்கிறது? உங்களையே கொடுங்க பாஸ். அதாவது, உங்க போட்டோவை!

சிரிக்காதீங்க. உங்க மொபைலைத் திறந்து ஒரு சின்ன சோதனை பண்ணுங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க தனியா, நல்ல வெளிச்சத்தில், அவசரமில்லாம நின்னு எடுத்துக்கிட்ட படம் ஒண்ணாவது இருக்கா? செல்ஃபி கணக்கில் வராது. மச்சினன் கல்யாணத்தில் இருபது பேரோட இடிச்சுக்கிட்டு நின்ன குரூப் போட்டோவும் வராது. ஆதார் கார்டு படத்தைப் பத்தி... வேண்டாம், அதைப் பேசவே வேண்டாம்.

எங்க வீட்டில் அம்மாவோட தனிப்படம்னு தேடினப்போ சிக்கியது ஒண்ணே ஒண்ணு. ஏதோ அப்ளிகேஷனுக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். அது இருந்த இடம், அப்பாவின் பர்ஸ். ஒருமுறை பஸ்ஸில் பர்ஸ் தொலைஞ்சப்போ, மனுஷன் உள்ளே இருந்த பணத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசலை. அந்தப் படத்துக்காக டிப்போ டிப்போவா அலைஞ்சார். கிடைக்கலை. ‘இன்னொண்ணு எடுத்துக்கலாம்’னு அம்மா சொன்னாங்க. ஆனா, அந்த வயசு அம்மாவை இனி எந்த ஸ்டூடியோவில் எடுக்கிறது?

மேட்டர் இதுதான். போஸ் கொடுத்துப் படம் எடுத்துக்கிறது நடிகர்களுக்கும் புதுசா கல்யாணமானவங்களுக்கும் மட்டும் உரியதுன்னு நினைச்சுட்டோம். செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள் அப்படி நினைக்க நியாயமே இல்லை. பொண்டாட்டியோட சேர்ந்து ‘போர்ட்ரெய்ட்’ பதிவு பண்ணிக்கிற வேலையை 1300 வருஷத்துக்கு முன்னாடியே தொடங்கி வெச்ச ஊர் மாமல்லபுரம்!

ஆதிவராகக் குகைக் கோயில்னு ஒண்ணு அங்கே இருக்கு. கூட்டமெல்லாம் அர்ச்சுனன் தபசையும் வெண்ணெய் உருண்டைப் பாறையையும் பார்த்துட்டுத் திரும்பிடுறதால், குன்றின் மேற்குப் பக்கம் இருக்கிற இதைப் பலர் பார்த்ததே இல்லை. உள்ளே எதிரெதிர் சுவர்களில் இரண்டு பல்லவ ராஜாக்கள், ஆளுக்கு இரண்டு ராணிகளோடு. ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், ராணிகள் பக்கத்தில் நிற்கிறார்கள். நம்ம தாத்தா காலத்து ஸ்டூடியோ போட்டோ அப்படியே! இன்னொருவர் நிற்கிறார், ராணியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போகிற பாவனையில். மேலே சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்று பெயர்கள் வெட்டியிருக்கிறது. அது அப்பாவும் பிள்ளையுமான அந்தச் சிம்மவிஷ்ணு - முதலாம் மகேந்திரவர்மன்தானா, இல்லை பின்னால் வந்த மாமல்லனும் அவர் மகன் இரண்டாம் மகேந்திரனுமா என்று ஆய்வாளர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். அந்தக் கையைப் பிடித்த விதத்தில் மட்டும் யாருக்கும் சந்தேகம் இல்லை. வழிபாடு நடக்கிற கோயில் என்பதால் திறந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் போகணும். உள்ளே கேமராவை வெளியே எடுக்காதீங்க. கண்ணால் பார்த்துட்டு வந்தாலே போதும், போஸ் ஐடியா ரெடி.

கேமரா வந்த பிறகும் ராஜாக்கள்தான் முதலில் கலக்கினார்கள். திரிபுரா மகாராஜா வீர்சந்திர மாணிக்யா ஒரு போட்டோ பைத்தியம். 1880 வாக்கில், ராணி மன்மோகினியை அணைத்தபடி உட்கார்ந்து, கேமராவோடு இணைத்த நீளமான கம்பியைத் தானே இழுத்து ஒரு படம் எடுத்தார். இந்தியாவின் முதல் செல்ஃபி என்று இன்றைக்கு அதைத்தான் சொல்கிறார்கள். ராணியும் லேசுப்பட்டவர் இல்லை, அவரும் போட்டோ எடுக்கக் கற்றுக்கொண்டவர். 

நம்ம ஊரில் அதற்குப் பிறகு வந்தது ஸ்டூடியோ யுகம். வரைந்த திரைச்சீலை, பிளாஸ்டிக் பூ ஜாடி, நாற்காலியில் முறைத்தபடி அவர், நாற்காலி முதுகில் கை வைத்தபடி அவள். சிரித்தால் ஸ்டூடியோக்காரரே திட்டுவார்! கிண்டல் பண்ணாதீங்க. அந்தப் படங்களைத் தேடித்தேடி டிஜிட்டலாக்கும் வேலையை பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. உங்க வீட்டுப் பரணில் ஒண்ணு கிடந்தால், பழைய பேப்பரோடு போட்டுடாதீங்க.

சரி, இப்போ உங்க கதைக்கு வருவோம். எங்கே எடுக்கலாம்?

முதலில் கடற்கரைக் கோயில். எல்லோரும் சாயங்காலம் ஜோடியா போய் நிற்கிறாங்க. தப்பு! நம்ம கடல் கிழக்கே. சூரியன் கடலில் உதிக்கும், ஊருக்குப் பின்னாடி மறையும். ஜூன் மாசம் 5.45க்கெல்லாம் வெளிச்சம் வந்துடும், ஜனவரியில் 6.30 ஆகும். அந்த முதல் ஒரு மணி நேரம்தான் தங்கம். ஒன்பது மணிக்கு மேலே போனால் கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிற்கிற படம்தான் மிஞ்சும். இது உலகப் பாரம்பரியச் சின்னம் (யுனெஸ்கோ பட்டியலில் 1984-லேயே இடம் பிடித்தது). சாதாரணமா நாலு படம் எடுத்தால் யாரும் கேட்க மாட்டாங்க. ஸ்டாண்டு, லைட், குடை, மேக்கப் பெட்டின்னு பட்டாளத்தோட போறதா இருந்தால் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கணும். ட்ரோன் ஆசை வேண்டவே வேண்டாம்.

என்னைக் கேட்டால், மாமல்லபுரத்தில் பெஸ்ட் லைட் கடலோரத்தில் இல்லை, குடைவரை மண்டபங்களின் வாசலில் இருக்கு. மண்டபத்து விளிம்பில், நிழலில் நின்னு முகத்தை வெளிப்பக்கம் திருப்புங்க. வெளியே இருந்து வானத்து வெளிச்சம் மட்டும் மெத்துன்னு முகத்தில் விழும். பின்னாடி கல் மண்டபம் இருட்டாகிடும். ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவு பண்ணிச் செய்கிற லைட்டிங்கை பல்லவன் இலவசமா கொடுத்துட்டுப் போயிருக்கான்! பாறை எல்லாமே சாம்பல் நிறம். அதனால் அரக்கு, கடுகு மஞ்சள், மயில் நீலம்னு ஒரே கலரில் பளிச்சுன்னு உடுத்துங்க. கட்டம் போட்ட சட்டையும் பெரிய பூப்போட்ட சுடிதாரும் சிற்பத்தோட சண்டை போடும்.

கூட்டம் பிடிக்காதா? வடக்கே 5 கிலோமீட்டரில் சாளுவன்குப்பம் புலிக்குகை. சவுக்குத் தோப்பும் புல்வெளியும் உண்டு. பக்கத்திலேயே 2004 சுனாமிக்குப் பிறகு வெளிப்பட்ட பழைய செங்கல் முருகன் கோயிலின் மிச்சமும் இருக்கு. தெற்கே போனால் சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டை. செங்கல் சுவரில் மாலை வெயில் விழும்போது மனுஷங்க முகமே வேற மாதிரி ஆகிடும். செங்கல்பட்டு டவுன்காரங்களுக்குக் கொளவாய் ஏரி இருக்கவே இருக்கு. தினமும் மின்சார ரயிலில் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், அங்கே ஒரு மலையும் ஏரியும் இருக்கிறதையே மறந்திருப்பீங்க!

யார் எடுக்கிறது? ஃப்ரெண்டு போதும். புரொஃபஷனல் ஆள்தான் வேணும்னு இல்லை. மொபைலில் எடுத்தால் முகத்துக்குப் பக்கத்தில் வரவே கூடாது, மூக்கு மட்டும் பெரிசாத் தெரியும். ஆறேழு அடி தள்ளி நின்னு 2எக்ஸ் ஜூமில் எடுக்கச் சொல்லுங்க. கேமரான்னா 50 அல்லது 85 எம்.எம் லென்ஸ். கடல் காத்தில் உப்பு வந்து லென்ஸில் படியும். அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை மெத்துன துணியால் துடைக்கலைன்னா எல்லாப் படமும் பனி மூட்டம்தான். முடி பறக்குதா? காத்து வர்ற பக்கமே முகத்தைத் திருப்புங்க, முடி தானா பின்னாடி போயிடும். முக்கியமா, ‘ஸ்மைல் ப்ளீஸ்’ வேண்டாம். அவரைப் பத்தி, அவங்களைப் பத்தி ஏதாவது கேட்கச் சொல்லுங்க. முதல் சண்டை எதுக்கு வந்தது? முதல் சமையல் எப்படி இருந்தது? பதில் சொல்லும்போது முகத்தில் வருது பாருங்க, அதைத்தான் பரிசா கொடுக்கப் போறீங்க. அப்புறம், அலைக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத் தண்ணியில் இறங்கிப் போஸ் கொடுக்கிற ரிஸ்க் வேண்டாம். இந்தக் கடல் இழுக்கிற கடல்.

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். கணவருக்கு மட்டும்னு, கொஞ்சம் ரொமான்டிக்கா படம் எடுத்துக்க ஆசைப்படுற பெண்கள் இருக்காங்க. அதில் தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா சர்ப்ரைஸ் அவருக்கு மட்டும்தான் இருக்கணும், ஊருக்கே ஆகிடக் கூடாது. அமெரிக்காவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் என்ற பெரிய போட்டோகிராஃபர், ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃபை 1917-லிருந்து 20 வருஷம் 300-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். 1924-ல் கல்யாணமும் பண்ணிக்கொண்டார்கள். ஆனா அதற்கு முன்னாலேயே, 1921-ல், அந்தரங்கமான சில படங்களைக் கண்காட்சியில் மாட்டிவிட்டார். நியூயார்க்கே பேசியது. அதற்குப் பிறகு ஓ’கீஃப் வரைந்த பூவைப் பார்த்தாலும் விமர்சகர்களுக்கு அந்தப் போட்டோதான் ஞாபகம் வந்தது. கடைசிவரை அவருக்கு அது எரிச்சல். எடுத்தது காதலன்தான், இருந்தும் இந்தக் கதி!

அதனால் எடுப்பதற்கு முன்னாடியே பேசிடுங்க. உங்க தோழி எடுத்தால் ரொம்ப நல்லது. கூலி கொடுத்து எடுத்தால், வேறு ஒப்பந்தம் எதிலும் கையெழுத்துப் போடாதவரை, அந்தப் படத்தின் காப்புரிமை காசு கொடுத்த உங்களுக்குத்தான். 1957 காப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ‘எங்க பேஜ்ல ஒரு படம் போட்டுக்கிறோம் மேடம்’னு கேட்டால், யோசிச்சு பதில் சொல்லுங்க. உங்க முன்னாடியே மெமரி கார்டிலிருந்து காப்பி எடுத்துட்டு அழிக்கச் சொல்லுங்க. வாட்ஸ்அப் குரூப்பில் ஷேர் பண்ற வேலையே வேண்டாம். அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் எடுத்தாலோ பரப்பினாலோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் 3 வருஷம் வரை ஜெயில் உண்டு. யாராவது மிரட்டினால் பயந்து பணம் கொடுக்காதீங்க, 1930-க்கு போன் அடிங்க.

ஆண்களுக்கும் இதே ரூல்தான். மனைவி தூங்கும்போது, சமைக்கும்போது ரகசியமா எடுத்து வெச்சிருக்கிற படத்தை ஆல்பமாக்கிக் கையில் கொடுங்க, அழகு. அதையே ஸ்டேட்டஸில் போட்டுட்டு ‘சர்ப்ரைஸ்!’னு நின்னீங்கன்னா, அன்னிக்கு சோறு கிடைக்காது. படம் அவங்களோடது. எது வெளியே போகலாம்னு அவங்கதான் சொல்லணும்.

கடைசியா, தயவுசெய்து பிரிண்ட் போடுங்க. பென் டிரைவை ரிப்பன் கட்டிக் கொடுக்கிறதெல்லாம் பரிசா? நூறு படம் எடுத்தாலும் பத்தைத் தேர்ந்தெடுங்க. மேட் பேப்பரில் ஒரு சின்ன ஆல்பம். ஒரே ஒரு படத்தை மட்டும் 12-க்கு 18 சைஸில் ஃப்ரேம் பண்ணுங்க. படத்துக்குப் பின்னாடி தேதியும் இடமும் பேனாவால் எழுதுங்க. அப்படியே மறக்காம பாஸ்போர்ட் சைஸில் ரெண்டு காப்பி. ஒண்ணு அவரோட பர்ஸுக்கு. இன்னொண்ணு, பர்ஸ் தொலைஞ்சா மாத்தி வைக்க.