மீட்டரில் 110, சாலையில் 117: தவறு யாருடையது?

கடந்த பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஈப்போவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பாவின் பழைய கார், அவர்தான் ஓட்டினார். பின் இருக்கையில் இருந்த தம்பி கைப்பேசியில் வழிகாட்டிச் செயலியைத் திறந்து வைத்திருந்தான். திடீரென்று, "அப்பா, 117-ல போறீங்க!" என்றான்.

அப்பா மீட்டரைப் பார்த்தார். முள் 110-இல் நின்றது. "முப்பது வருஷமா இந்த மீட்டரைப் பார்த்துதான் ஓட்டுறேன். உன் போன்தான் தப்பு" என்றார்.

நெடுஞ்சாலையில் உச்ச வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். முள்ளை நம்பினால் அப்பா சட்டத்தை மதிப்பவர். போனை நம்பினால் மீறுபவர். ஊர் திரும்பியதும் வொர்க்‌ஷாப்பில் கேட்டோம். "மீட்டர் பழசாயிடுச்சு. முழுசா மாத்திடலாம்" என்றார்கள். அப்படி மாற்றியிருந்தால் பணமும் போயிருக்கும், தவறும் அப்படியே இருந்திருக்கும். ஏன் என்று பார்ப்போம் மாணவர்களே.

முள் எப்படி நகர்கிறது?

பழைய கார்களின் வேகமானிக்குள் கணினி கிடையாது. கியர்பாக்ஸில் உள்ள ஒரு சிறு பற்சக்கரம், சக்கரங்களின் சுழற்சிக்கு ஏற்பச் சுழலும். அதிலிருந்து ஒரு நீண்ட கம்பி உறைக்குள் சுழன்றபடி மீட்டர் வரை வரும். இதுதான் மீட்டர் கேபிள்.

கேபிளின் முனையில் ஒரு காந்தம் இருக்கிறது. அதைச் சுற்றி, அதைத் தொடாமல், ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. முள் பொருத்தப்பட்டிருப்பது இந்தக் கிண்ணத்தோடுதான். அலுமினியத்தைக் காந்தம் ஈர்க்காதே, பிறகு கிண்ணம் எப்படி நகரும்? காந்தம் சுழலும்போது கிண்ணத்தின் வழியே செல்லும் காந்தப்புலம் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் அலுமினியத்தில் சிறு சிறு வட்டங்களாக மின்னோட்டம் தூண்டப்படும். இதைச் சுழல் மின்னோட்டம் என்கிறோம். ஐந்தாம் படிவ இயற்பியலில் நீங்கள் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது. இந்த மின்னோட்டத்துக்கும் ஒரு காந்தப்புலம் உண்டு. அது கிண்ணத்தைக் காந்தம் சுழலும் திசையிலேயே இழுக்கும்.

காந்தம் வேகமாகச் சுழன்றால் இழுவை கூடும். ஆனால், மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இரண்டு விசைகளும் சமமாகும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஓட்டோ ஷுல்ஸே 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த அமைப்பு, 1980களின் கார்களிலும் தொடர்ந்து பயன்பட்டது.

ஒரு கேபிள், இரண்டு சாட்சிகள்

வேகமானிக்குள் இன்னொரு கருவியும் உண்டு. கார் ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் எண் சக்கரங்கள்தான் அவை. அவற்றைத் தூரமானி என்போம். அதுவும் அதே கேபிளால்தான் இயங்குகிறது. ஆனால், அதில் காந்தமும் இல்லை, வில்லும் இல்லை. பற்சக்கரங்கள் கேபிளின் சுற்றுகளை எண்ணுகின்றன; அவ்வளவுதான்.

ஆகவே, ஒரே கேபிளைப் பற்றி நமக்கு இரண்டு சாட்சிகள் கிடைக்கின்றன. இரண்டையும் ஒப்பிட்டால் பழுது எங்கே என்று மீட்டரைக் கழற்றாமலே ஊகிக்கலாம்.

• முள் ஆடிக்கொண்டே இருந்தால்: கேபிள் உலர்ந்திருக்கலாம் அல்லது எங்கோ மடங்கியிருக்கலாம்.

• முள்ளும் தூரமானியும் இரண்டுமே அசையாவிட்டால்: கேபிள் அறுந்திருக்கலாம் அல்லது கியர்பாக்ஸில் உள்ள சிறு பற்சக்கரம் தேய்ந்திருக்கலாம்.

• தூரமானி சரியாக இருந்து முள் மட்டும் தவறாகக் காட்டினால்: பழுது மீட்டருக்குள் இருக்கிறது. காந்தம் வலுவிழந்தால் முள் குறைத்துக் காட்டும். சுருள்வில் தளர்ந்தால் கூட்டிக் காட்டும்.

• இரண்டும் ஒரே விகிதத்தில் தவறினால்: மீட்டர் குற்றவாளி அல்ல. கேபிளின் சுற்று எண்ணிக்கையே மாறியிருக்கிறது.

எங்கள் சோதனை

பீடோர் அருகே, ஏற்ற இறக்கம் அதிகமில்லாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்தோம். நெடுஞ்சாலை ஓரத்தில் கிலோமீட்டர் எண் எழுதிய பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவைதான் எங்கள் அளவுகோல். அப்பா இடது தடத்தில் முள்ளை 90-இலேயே வைத்து ஓட்டினார். பக்கத்து இருக்கையில் இருந்த நான் 5 கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தேன்.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 25 மீட்டர். 5,000 மீட்டரைக் கடக்க 200 வினாடிகள் ஆக வேண்டும். ஆனது 188 வினாடிகள். 5,000-ஐ 188-ஆல் வகுத்து 3.6-ஆல் பெருக்கினால் உண்மையான வேகம் கிடைக்கும்: மணிக்கு 95.7 கிலோமீட்டர்.

முள்ளை 70-இல் வைத்து மீண்டும் ஒருமுறை ஓடினோம். இம்முறை 242 வினாடிகள், அதாவது மணிக்கு 74.4 கிலோமீட்டர்.

ஏன் இரண்டு வேகங்களில் அளக்க வேண்டும்? ஒரே ஓர் அளவு, தவறு எவ்வளவு என்று மட்டுமே சொல்லும். இரண்டு அளவுகள், அது எந்த வகைத் தவறு என்றும் சொல்லும். முள்ளைக் கழற்றி இடம் மாறிப் பொருத்தியிருந்தால், எல்லா வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு வித்தியாசம் வரும். எங்களுக்கு வந்த வித்தியாசம் ஓரிடத்தில் 5.7, இன்னோரிடத்தில் 4.4. ஆனால் விகிதத்தைப் பாருங்கள்: இரண்டிலுமே உண்மை வேகம், முள் காட்டியதைப் போல் 1.06 மடங்கு. விகிதம் மாறாத பிழை!

இனி இரண்டாவது சாட்சி. பலகைகளின்படி 10 கிலோமீட்டர் ஓடியபோது தூரமானி 9.4 மட்டுமே ஏறியது. இதுவும் அதே விகிதம்தான். அப்படியானால் காந்தமும் வில்லும் நிரபராதிகள். சக்கரம்தான் ஒரு கிலோமீட்டருக்குக் குறைவான சுற்றுகள் சுற்றுகிறது.

அப்போதுதான் எல்லாரும் தம்பியைத் திரும்பிப் பார்த்தோம். இரண்டு மாதங்களுக்கு முன் அவன் ஆசையாகப் போட்டுக்கொடுத்த 14 அங்குல ஸ்போர்ட் ரிம்!

டயர் மீது எழுதியிருக்கும் கணக்கு

பழைய டயரில் 165/70 R13 என்று இருந்தது. 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 விழுக்காடு என்பதைக் குறிக்கும், அதாவது 115.5 மி.மீ. 13 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில், அதாவது 330.2 மி.மீ. ரிம்முக்கு மேலும் கீழும் பக்கச்சுவர் இருப்பதால் மொத்த விட்டம் 330.2 + 115.5 + 115.5 = 561.2 மி.மீ. இதைப் பையால் பெருக்கினால் சுற்றளவு ஏறக்குறைய 1,763 மி.மீ.

புதிய டயர் 185/65 R14. இதே முறையில் கணக்கிட்டால் சுற்றளவு ஏறக்குறைய 1,873 மி.மீ. ஒரு சுற்றுக்கு 11 சென்டிமீட்டர் கூடுதல்! 1,873-ஐ 1,763-ஆல் வகுத்தால் 1.06. சாலையில் அளந்த அதே விகிதம், டயரின் பக்கச்சுவரிலேயே எழுதியிருந்தது.

காரின் எடையால் டயர் சற்று நசுங்குவதால் உண்மையான சுற்றளவு கொஞ்சம் குறையும். ஆனால் இரண்டு டயர்களுமே நசுங்குவதால் விகிதம் பெரிதாக மாறாது.

எப்படிச் சரிசெய்வது?

எங்கள் பிழைக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, கியர்பாக்ஸில் உள்ள சிறு பற்சக்கரத்தை மாற்றுவது. எடுத்துக்காட்டாக, 18 பற்கள் உள்ள சக்கரத்துக்குப் பதில் 17 பற்கள் உள்ளதைப் போட்டால் கேபிள் ஏறத்தாழ 6 விழுக்காடு வேகமாகச் சுழலும். ஆனால், அந்தக் காருக்குப் பொருந்தும் சக்கரம் கிடைக்க வேண்டும். மற்றொன்று, பழைய அளவு டயருக்கே திரும்புவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். மறுபடியும் அதே 5 கிலோமீட்டரை முள் 90-இல் இருக்க ஓடினோம்: 201 வினாடிகள். உண்மை வேகம் 89.6.

மற்றப் பழுதுகளுக்கு வேறு வைத்தியம். கேபிள் உலர்ந்திருந்தால் கழற்றித் துடைத்து மெல்லிய மசகுப் பூச்சு கொடுக்கலாம். மீட்டர் பக்கம் உள்ள கடைசி 15 சென்டிமீட்டருக்கு மட்டும் பூசக்கூடாது. பூசினால் எண்ணெய் மெல்ல ஏறி மீட்டருக்குள் புகுந்து கிண்ணத்தைப் பாழாக்கும். காந்தமோ வில்லோ கெட்டிருந்தால் அது மீட்டர் பழுதுபார்ப்பவரின் வேலை. நாமே முள்ளைப் பிடுங்கித் திருப்பி வைப்பது ஒரே ஒரு வேகத்தில் மட்டும் சரியாகத் தோன்றும்; மற்ற வேகங்களில் புதுப் பிழையை உண்டாக்கும்.

வெறும் 6 விழுக்காடுதானே?

பிரேக் பிடித்தபின் கார் நிற்க எடுக்கும் தூரம், வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 110-க்குப் பதில் 117-இல் போனால் அந்தத் தூரம் ஏறத்தாழ 13 விழுக்காடு நீளும். முன்னால் உள்ள கார் திடீரென நின்றால் அந்த 13 விழுக்காடுதான் நம்மைக் காக்கும் அல்லது கைவிடும். அதனால்தான் ஐக்கிய நாடுகள் அமைப்பின் 39ஆம் வாகன ஒழுங்குவிதி, வேகமானி உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது என்கிறது. ஓரளவு கூட்டிக் காட்டலாம். கூட்டிக் காட்டும் முள் நம்மைத் தாமதமாக்கும். குறைத்துக் காட்டும் முள் நம்மை ஆபத்தில் தள்ளும்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, "என் போன் சரியாத்தானே சொன்னுச்சு?" என்றான். அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "மீட்டரும் சரியாத்தான் சொன்னுச்சு. நீ போட்ட டயர்தான் தப்பு" என்றார். அறிவியல்படி இருவர் சொன்னதும் சரிதான்.

நீங்களும் செய்து பாருங்கள்

ஓடும் காரில் நேரம் அளப்பது பயணியின் வேலை. ஓட்டுநரின் வேலை அல்ல. வீட்டில் செய்ய மிதிவண்டி போதும். டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு, சக்கரத்தை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் தூரத்தை அளவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை சுற்றுகள் என்று கணக்கிடுங்கள். பிறகு காற்றைக் கொஞ்சம் குறைத்து, ஒருவரை மேலே உட்கார வைத்து மீண்டும் அளவிடுங்கள். இரண்டு அளவுகளும் ஒன்றா? இல்லையென்றால், அந்த மிதிவண்டியில் பொருத்திய வேகமானி கூட்டிக் காட்டுமா, குறைத்துக் காட்டுமா? விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்.