இறால் ஓட்டிலிருந்து ஒரு மரபணு ஊர்தி

பழுதுற்ற மரபணுவால் நோய் உண்டாகுமிடத்து, அதற்குரிய நல்ல மரபணுவை உயிரணுவுக்குள் சேர்ப்பது மரபணு சிகிச்சையின் முதன்மையான வழி. நோக்கம் எளிது, பாதை கடினம். இரத்தத்திலுள்ள நொதிகள் வெறும் டிஎன்ஏவை விரைவில் சிதைத்துவிடும். மேலும், டிஎன்ஏ, உயிரணுவின் மேற்பரப்பு ஆகிய இரண்டும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆதலால் ஒன்றையொன்று விலக்கும். எனவே மரபணுவைக் காத்துக் கொண்டுசேர்க்க ஓர் ஊர்தி வேண்டும்.

நோயுண்டாக்கும் திறன் நீக்கப்பட்ட வைரஸ்களே இன்று பெரிதும் ஊர்தியாகப் பயன்படுகின்றன. அவை திறன் மிக்கவை. எனினும் உடலின் எதிர்ப்பாற்றல் அவற்றைத் தாக்கக்கூடும். 1999இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் 18 வயது இளைஞர் ஒருவர் அத்தகைய கடும் எதிர்வினையால் உயிரிழந்தார். வைரஸ் அல்லாத ஊர்திகளை அறிவியலாளர் நாடுவதற்கு இவ்வகை இடர் முக்கியக் காரணம்.

அவற்றுள் ஒன்று கைட்டோசான். இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டினைப் பதப்படுத்திப் பெறப்படும் பாலிசாக்கரைடு, அதாவது நீண்ட சர்க்கரைத் தொடர், இது. சற்றே அமிலத்தன்மையுள்ள நீரில் இது நேர்மின்னூட்டம் பெறும். டிஎன்ஏவைச் சேர்த்ததும் இரண்டும் பிணைந்து நானோ துகள்களாகும். உயிரணு அத்துகளைத் தன் சவ்வால் சூழ்ந்து ஒரு பையாக உள்ளிழுக்கிறது. அப்பையிலிருந்து தப்பி உட்கருவை அடைந்தாலன்றி மரபணு பயன் தராது. பல துகள்கள் இவ்விடத்திலேயே தோற்கின்றன. வைரஸ்களைவிட இவற்றின் திறன் குறைந்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

அதே 1999இல், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நிலக்கடலை ஒவ்வாமைப் புரதத்தின் மரபணுவைக் கைட்டோசான் துகள்களில் ஏற்றி எலிகளுக்கு வாய்வழியே கொடுத்தனர். ஒவ்வாமையின் கடுமை குறைந்தது. அண்மை ஆண்டுகளில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளர்களிடம் இம்முறை ஆராயப்பட்டு வருகிறது. மெல்லிய குழாய் வழியே மருந்து நேரே சிறுநீர்ப்பையை அடைவதால், இரத்தத்தின் நீண்ட பயணம் தவிர்க்கப்படுகிறது.

நோயாளர்க்கும் குடும்பத்தினர்க்கும் நாங்கள் கூற விரும்புவது இது: கைட்டோசான் வழி மரபணு சிகிச்சை ஆய்வு நிலையில் உள்ளது. உடல் எடையைக் குறைக்குமெனக் கடைகளில் விற்கப்படும் கைட்டோசான் மாத்திரைகளில் எந்த மரபணுவும் இல்லை; அவை இச்சிகிச்சைக்கு ஈடாகா. எவரேனும் இதனை உறுதியான தீர்வெனக் கூறிப் பணம் கேட்டால், செலுத்துமுன் உங்கள் மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். மருத்துவ ஆய்வில் சேர அழைக்கப்பட்டால், பயன், இடர், பின்தொடர் பரிசோதனைகள், விலகும் உரிமை ஆகியவற்றைக் கேட்டறிந்த பின்னரே ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடுங்கள். இறால், நண்டு ஒவ்வாமை இருப்பின் முன்கூட்டியே தெரிவியுங்கள். ஆய்வின் பலனுக்காகக் காத்திருக்கும் வேளையில், இப்போது பெறும் சிகிச்சையை நிறுத்திவிட வேண்டா.