தலைப்பாகை கட்டிய சாரணர்கள்

காக்கிச் சட்டை. கழுத்தில் வண்ணத் துணி. கையில் ஒரு கம்பு. மூன்று விரல்களை உயர்த்தி வணக்கம்!

சாரணச் சிறுவனை எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆனால், ஒரு காலத்தில் இந்தியச் சிறுவன் இந்த உடையை அணிய முடியாது. வெள்ளைக்கார ஆட்சி அதை விரும்பவில்லை.

ஒற்றர் வேலை

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர், பேடன் பவல் என்ற ஆங்கிலப் படைத் தளபதி. 1876-ம் ஆண்டில் குதிரைப்படை அதிகாரியாக லக்னோவுக்கு வந்தபோது அவருக்கு வயது 19. உளவு பார்ப்பதில் கைதேர்ந்தவர். (பழந்தமிழில் 'சாரணர்' என்றால் ஒற்றர் என்றும் பொருள் உண்டு. நல்ல பெயர்ப் பொருத்தம்!)

1907-ல், இங்கிலாந்தில் பிரவுன்சீ என்ற தீவில் சுமார் 20 சிறுவர்களுடன் அவர் முகாம் போட்டார். 1909-லேயே இயக்கம் பெங்களூருக்கு வந்துவிட்டது. ஆனால், அதில் வெள்ளைக்காரப் பையன்களும் ஆங்கிலோ-இந்தியப் பையன்களும்தான் சேரலாம்.

ஏன்? இந்தியப் பையன்களுக்கு அணிவகுப்பும் துப்பறிதலும் கற்றுக் கொடுத்தால், நாளைக்கு அவர்கள் புரட்சிக்காரர்கள் ஆகிவிட்டால்? அதுதான் பயம்!

சென்னையில் பிறந்தது

"நீங்கள் சேர்க்காவிட்டால் போங்கள்" என்பது போல, 1916-ல் சென்னையில் தனிச் சங்கம் கண்டார் அன்னி பெசன்ட் அம்மையார். அப்போது அவருக்கு வயது 70-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது. துணை நின்றவர் அருண்டேல்.

அந்தச் சாரணர்கள் தொப்பி வைக்கவில்லை, தலைப்பாகை கட்டினார்கள். இந்தியப் பாட்டுகளைப் பாடினார்கள்.

அதே காலத்தில் வடக்கே அலகாபாத்தில், பண்டித மாளவியா, குன்சுரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதிச் சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள்.

1921-ல் பேடன் பவல் இந்தியா வந்தார். அம்மையாரின் சங்கம் அவருடைய சங்கத்துடன் இணைந்தது. இந்தியச் சிறுவர்களுக்குக் கதவு திறந்தது. ஆனால், சேவா சமிதி அப்போது சேரவில்லை.

அரசர் யார்?

சாரணன் ஆகிறவன் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளுக்கும் அரசருக்கும் கடமை செய்வேன் என்று சொல்ல வேண்டும். அரசரோ கடலுக்கு அப்பால் லண்டனில் இருக்கிறார். அப்பா கதர் கட்டி மறியலுக்குப் போன வீட்டுப் பையன், அதை எந்த வாயால் சொல்வான்?

1937-ல் டில்லியில் பெரிய சாரணர் விழா நடந்தது. 80 வயதை எட்டிய பேடன் பவலும் வந்திருந்தார். இந்தியர்களின் மொழியில் 'மானம்' என்பதற்குச் சொல்லே இல்லை என்று அவர் கூறியதாகச் செய்தி பரவியது.

கொதித்தெழுந்தார்கள் இந்தியத் தலைவர்கள். திருக்குறளில் 'மானம்' என்று ஓர் அதிகாரமே இருப்பதை அந்தக் கிழவருக்கு யாரும் சொல்லவில்லை போலும்! 1938-ல் 'இந்துஸ்தான் சாரணர் சங்கம்' தனியே பிறந்தது.

ஒரே சங்கம்

சுதந்திரம் வந்த பிறகும் பிளவு நீடித்தது. கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத், மங்கள்தாஸ் பக்வாசா, குன்சுரு ஆகியோர் பேசிப் பேசி இரு தரப்பையும் இணங்க வைத்தார்கள். 1950 நவம்பர் 7-ந் தேதி, 'பாரத சாரண சாரணியர் இயக்கம்' உருவாயிற்று. பெண்கள் சங்கம் 1951 ஆகஸ்டு 15-ந் தேதி சேர்ந்தது.

உறுதிமொழியில் 'அரசர்' இருந்த இடத்தில் 'நாடு' வந்து அமர்ந்தது.